இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வெளிநாட்டில் குடியேற: வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பி.ஆர். கிடைத்துவிட்டது என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அப்போ நம்ம பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணுமா?" என்பதுதான். வேண்டியதில்லை. பி.ஆர். என்பது அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்கும் உரிமை மட்டுமே. அங்கே 20 வருஷம் இருந்தாலும், பிறப்பால் வந்த இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடாது. வேறொரு நாட்டின் குடியுரிமையை நீங்களாகக் கேட்டு வாங்கும் நாளில்தான் அது போகிறது. 1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். ஜெர்மனி 2024 ஜூனில் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்த பிறகு, நமக்கும் இரண்டும் இருக்கலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனி அனுமதித்தாலும் இந்தியா அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையும் குடியுரிமை ஆகாது. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

இந்தியக் குடிமகனாகவே இருந்து வெளிநாட்டில் வாழ்வது முழுக்க முழுக்கச் சட்டப்படி நடக்கக்கூடிய காரியம். அதைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

இனிஷியலும் மாவட்டமும்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயரில். ஒருவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'முருகன் எஸ்' என்று இருக்கும். ஆதாரில் 'எஸ். முருகன்'. பான் அட்டையில் 'முருகன் சுப்பிரமணி'. பாஸ்போர்ட்டைத் திறந்தால் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக, 'முருகன்' என்பது மட்டும் நிற்கும். நமக்கு இது நாலும் ஒரே ஆள். வெளிநாட்டு விசா அதிகாரிக்கு நாலு ஆள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் 'முருகன்' குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும்; முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, இனிஷியலை முழுதாக விரித்து, ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். அதன்படி ஆதாரையும் பானையும் திருத்துங்கள். அவை கைக்கு வந்த பிறகு பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுங்கள். பாஸ்போர்ட்டை முதலில் மாற்றிவிட்டு ஆதாருக்கு அலைபவர்களுக்கு இரட்டைச் செலவு. மதிப்பெண் சான்றிதழை மாற்றுவது பெரும்பாடு. அதற்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாண வாக்குமூலத்தை நோட்டரியிடம் எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். பெயரே வேறாக மாறுகிறது என்றால் அரசிதழில் வெளியிட்டாக வேண்டும்.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி முதலில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் பிறகு வேலூர் மாவட்டம் என்றும் ஆனது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. வாலாஜாபேட்டையில் 1985-இல் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு, பழைய பாஸ்போர்ட்டில் வேலூர், புது ஆதாரில் ராணிப்பேட்டை. மூன்றும் சரிதான். ஆனால் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொன்றை எழுதினால் சந்தேகம் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். மாவட்டம் பிரிந்த விவரத்தை ஒரு பக்கக் கடிதமாகச் சேர்த்து அனுப்புங்கள்.

பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் என்ற இடம் வெறும் கோடாக இருக்கும். பிறந்த சில நாளில் பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பதிவு நடந்த அலுவலகத்தில் பெயரைச் சேர்க்காமல் அதை எந்த நாட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

லேமினேஷன், அட்டஸ்டேஷன், ஏஜென்ட்

சான்றிதழ் கெடாமல் இருக்க லேமினேட் செய்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெளிநாட்டுக்காக அரசு சான்றிதழைச் சரிபார்த்து உறுதி செய்வதுதான் அட்டஸ்டேஷன். அதன் முத்திரையும் ஸ்டிக்கரும் அசல் சான்றிதழின் பின்புறம்தான் விழும். பிளாஸ்டிக் மேல் அது நிற்காது. பிரிக்கப் போனால் காகிதம் கிழிகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், ஒட்டாதீர்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே முத்திரை என்றும் எண்ண வேண்டாம். கனடா 2024 ஜனவரியில் இருந்து அப்போஸ்டிலை, அதாவது தூதரக முத்திரை இல்லாமலே செல்லும் வெளியுறவு அமைச்சகத்தின் ஒற்றைச் சான்றை, ஏற்கிறது. அமீரகத்துக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அவர்களது தூதரகம் என்று மூன்று படி ஏற வேண்டும். ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. நர்சிங் படித்தவர்கள் சான்றிதழ் மட்டும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலின் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், அங்கிருந்து சரிபார்ப்புக் கடிதமும் வெளிநாட்டு நர்சிங் அமைப்புக்கு நேராகப் போக வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஈ.சி.ஆர். என்று இருந்தால் சவூதி, குவைத், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்க விசிட் விசாவில் அனுப்பி, 'போய் மாத்திக்கலாம்' என்று சொல்லும் ஏஜென்டை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வேலை ஒப்பந்தம் பதிவில் இல்லை, காப்பீடு இல்லை, சம்பளம் தராவிட்டால் தூதரகத்தில் காட்டக் காகிதம் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. லட்சக்கணக்கில் கேட்பவரின் பெயரை, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

நிலம், பணம், பவர் பத்திரம்

'நான் இந்தியன்தானே, ஊரில் நிலம் வாங்கினால் என்ன?' என்று நினைத்துச் சம்பாதித்ததைப் போட்டுச் சிக்குகிறவர்கள் நிறைய. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். அப்பா வழி வந்ததையும், போவதற்கு முன் வாங்கியதையும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆபத்து மறைந்திருப்பது, கல் நட்டு மனை என்று விற்கும் அங்கீகாரமில்லாத இடங்களில். பட்டாவில் இன்னும் புஞ்சை என்றே இருக்கும். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணைக் கேட்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். தம்பி பெயரில் வாங்கிக்கொண்டு 'பணம் நம்மதுதான்' என்று இருப்பதும் பினாமிச் சட்டத்தில் போய் முடியும்.

வங்கியில் இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பதும் தவறு. போனதும் அதை என்.ஆர்.ஓ. ஆக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்றச் சொல்லுங்கள். அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனி, அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது, திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை. செல்வமகள் கணக்கு வைத்திருப்பவர்கள் குடியிருப்பு மாறுவதைத் தபால் நிலையத்துக்கோ வங்கிக்கோ சொல்லியே ஆக வேண்டும். வங்கிக்கும் ஆதாருக்கும் இணைத்த இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடாதீர்கள். ஓ.டி.பி. வராமல் போனால், பிக்சட் டெபாசிட்டை எடுக்கக்கூட டிக்கெட் போட்டு வர வேண்டியிருக்கும்.

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ பவர் தேவை என்றால், இங்கிருக்கும்போதே பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து, பிறகு பத்திரம் இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை. அந்தக் கெடு தாண்டிய பத்திரங்களால் நின்றுபோகும் விற்பனைகள் உண்டு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாங்குபவர் வழக்கமான 1 சதவீதம் டி.டி.எஸ். (விலையிலேயே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் போதாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு விகிதம் 12.5 சதவீதம், மேலே சர்சார்ஜும் செஸ்ஸும். ஆடிட்டரை அக்ரிமெண்ட் போடும் முன் பாருங்கள்.

பி.ஆரும் பிள்ளைகளும்

இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பி.ஆரைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்து, ஒரு வருஷம் தங்கிவிடுவார்கள். கனடாவில் 5 வருஷத்தில் 730 நாள் இருந்தாக வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்கப் போகிறார் என்றால், கிளம்பும் முன்பே திரும்ப நுழைவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பிரிட்டனில் நிரந்தரத் தங்கும் உரிமை, தொடர்ந்து 2 வருஷம் வெளியே இருந்தால் காலாவதியாகும்.

அங்கே பிறக்கும் குழந்தை தானாக இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. பிறந்த ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். அவசரத்தில் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். மருத்துவமனையில் இருந்து பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே தூதரகத்தில் தேதி வாங்குங்கள்.

குடியுரிமையை வைத்திருப்பவருக்கு ஓட்டும் இருக்கிறது. படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியின் தொகுதியில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டை நேரில் வந்துதான் போட முடியும். வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.