அனுபவப் புள்ளிகளுக்கான விலைப்பட்டியலைச் சீராக்குவது எப்படி?

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நடத்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் பாத்திரத்தை உருவாக்கும்போது ஒரு விலையும், ஆட்டம் தொடங்கிய பின் அதை வளர்க்கும்போது வேறொரு விலையும் இருந்தால், கணக்கில் கெட்டிக்காரருக்கு மட்டுமே ஆதாயம் கிடைக்கும். சொந்தமாக விதி எழுதுவோர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

படி 1: ஒரே முடிவை இரண்டு வழிகளில் எட்டிப் பாருங்கள்

2004-இல் வெளிவந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ்’ விதிநூலில், தொடக்கத்தில் ஒரு திறனின் முதல் 4 நிலைகளுக்கும் நிலைக்கு ஒரு புள்ளி போதும். ஆட்டம் தொடங்கிய பிறகோ, ஆடி ஈட்டிய அனுபவப் புள்ளிகளிலிருந்து, எட்டவிருக்கும் நிலையை 3-ஆல் பெருக்கினால் வரும் அளவைச் செலவிட வேண்டும். ஒருவர் துப்பாக்கியில் 4, பதுங்குவதில் 0 என்று தொடங்குகிறார். மற்றவர் இரண்டிலும் 2 வைத்துக்கொள்கிறார். இருவரும் இரண்டு திறன்களையும் 4-க்கு உயர்த்த, முன்னவருக்கு 3+6+9+12 என 30 புள்ளிகள் ஆகும். பின்னவருக்குத் திறன் ஒன்றுக்கு 9+12 வீதம் மொத்தம் 42 ஆகும். இறுதியில் இரண்டு பாத்திரத் தாள்களும் அச்சு அசலாக ஒன்றே, ஆனால் பரவலாகத் தொடங்கியவர் 12 புள்ளிகளை வீணே இழந்திருப்பார்.

படி 2: இரு கட்டங்களுக்கும் ஒரே விலை வையுங்கள்

தொடக்கத்திலேயே அனுபவப் புள்ளிகளை மொத்தமாகக் கொடுத்து, ஏறுவிலைப் பட்டியலின்படியே எல்லாவற்றையும் வாங்கச் சொல்வது ஒரு வழி. எல்லா நிலைக்கும் ஒரே விலை வைப்பது மற்றொன்று: இதே விளையாட்டுக்கு 2013-இல் வந்த திருத்தப்பட்ட விதிகள் திறனுக்கு 2, பண்புக்கு (வலிமை, அறிவு போன்ற அடிப்படை இயல்புக்கு) 4 என்று வகுத்தன. அதன்படி மேற்சொன்ன இருவருக்கும் ஆவது தலா 8 புள்ளிகளே. புதியவர்கள் இதையே பின்பற்றலாம், மனக்கணக்கே போதும். ஆனால் ஐந்தாம் நிலையும் முதல் நிலையின் விலைக்கே கிடைப்பதால் ஒரே திறனை உச்சிக்கு ஏற்றும் ஆசை வரும். அது பிடிக்காவிட்டால் முதல் வழியே மேல்.

படி 3: பண்புக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தைச் சோதியுங்கள்

இந்த விதிகளில் பண்பையும் திறனையும் கூட்டித்தான் பகடைகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. லாகவம் என்ற பண்பு ஒரு நிலை உயர்ந்தால், அதனுடன் சேர்த்து உருட்டும் துப்பாக்கி, பதுங்குதல், வாகனம் ஓட்டுதல் மூன்றுக்கும் ஒரு பகடை கூடும். அவற்றைத் தனித்தனியே உயர்த்த 6 புள்ளிகள் வேண்டும். பண்புக்கோ 4 போதும். இரண்டு திறன்கள் என்றால் விலை சமம், மூன்றாவதிலிருந்து பண்பே மலிவு. ஆகவே, தாளில் எத்தனை திறன்கள் அச்சாகியிருக்கின்றன என்று பார்க்காமல், உங்கள் குழுவில் உண்மையில் உருட்டப்படுபவை எவை என்று எண்ணி விலை வையுங்கள். ‘கர்ப்ஸ்’ என்ற மற்றொரு ரோல்பிளேயிங் விளையாட்டின் நான்காம் பதிப்பும் இக்காரணத்தால்தான் பல திறன்களைத் தாங்கும் லாகவத்துக்கும் அறிவுக்கும் நிலைக்கு 20 புள்ளிகளும், வலிமைக்கு 10 மட்டுமே என்றும் வைத்திருக்கிறது.

படி 4: விலையை அமர்வுகளாக மாற்றுங்கள்

ஓர் அமர்வுக்கு, அதாவது ஒருமுறை கூடி ஆடுவதற்கு, 3 புள்ளிகள் கொடுப்பதாக இருந்தால், முதல் படியில் கண்ட 12 புள்ளி வித்தியாசம் 4 அமர்வுகளின் வருமானம். உங்கள் கதை 10 அமர்வுகளில் முடியுமென்றால் 42 புள்ளிகளை எவராலும் சேர்க்க முடியாது. அப்போது விலையைக் குறைப்பதைவிட அமர்வுக்குக் கொடுக்கும் புள்ளிகளை உயர்த்துவது எளிது, ஏனெனில் விகிதங்கள் எதுவும் கலையாது.