குளிர்கால இரவில் பேய்க்கதையை வாசித்துக் காட்டுவது எப்படி?

வீட்டில் நாலு பேர் போர்வைக்குள் சுருண்டிருக்கும் இரவுக்கான செய்முறை இது. கேட்க ஆட்கள் இருந்தால் போதும்.

படி 1: கதை. அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முதல்முறை வாசிப்பவர்களுக்கு என் பரிந்துரை 1902இல் வெளியான, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா'. டிக்கன்ஸின் 'தி சிக்னல்மேன்' (1866) அருமையான கதைதான். ஆனால் வாக்கியங்கள் நீளம், மூச்சு வாங்கும்.

படி 2: வெளிச்சம். எம். ஆர். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜில் நண்பர்களுக்குத் தன் பேய்க்கதைகளை வாசிக்கும்போது ஒரே ஒரு மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுவாராம். கேட்க நன்றாக இருக்கிறது, கண்தான் வலிக்கும். தோளுக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கு போதும், வெளிச்சம் புத்தகத்தில் மட்டும் விழட்டும். செல்போனில் வாசிக்காதீர்கள். முகம் பளிச்சென்று தெரிவதோடு நடுவில் யாராவது 'சாப்பிட்டாச்சா?' என்று செய்தி அனுப்புவார்கள்.

படி 3: கடைசிப் பக்கம். எனக்குப் பிடிபட நாளானது இதுதான். முடிவு நெருங்க நெருங்க வாசிப்பவருக்கே ஆர்வம் தாங்காமல் வேகம் கூடிவிடும். ஜேக்கப்ஸின் கதையில் கதவு தட்டப்படுகிறது. கிழவி மேல் தாழ்ப்பாளை எட்ட முடியாமல் தவிக்கிறாள், கிழவர் தரையில் எதையோ துழாவுகிறார். அங்கே ஓடாதீர்கள். முந்தைய நாளே பென்சிலால் நிறுத்த வேண்டிய இடங்களில் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள். கோடு வந்தால் ஒரு மூச்சு, அப்புறம் அடுத்த வரி. குரலை மாற்றி நடிக்கவே வேண்டாம். மேசையைத் தட்டிக் காட்டினால் சிரிப்புதான் வரும்.

இன்னொன்று: முக்கியமான வரி பக்கத்தைப் புரட்டியதும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதை மனப்பாடம் செய்துகொண்டு, சொல்லி முடித்தபின் புரட்டுங்கள். காகிதச் சரசரப்பு அந்த இடத்தைக் கெடுத்துவிடும்.

பிற்சேர்க்கை: தனியாக வாசிப்பவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு தடித்த அட்டையால் பக்கத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொள்ளுங்கள். கண் தானாகவே கடைசி வரிக்குத் தாவும், அதைத் தடுக்க இதுதான் வழி. ஹீட்டர் இரைந்தால் முன்கூட்டியே அறையைச் சூடாக்கிவிட்டு, வாசிக்கும்போது அணைத்துவிடுங்கள்.