ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே துருப்பிடிக்கும் லேப்டாப்: நம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஐப்பசியில் பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், ராமநாதபுரத்தில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன் ஆகவில்லை. "அண்ணே, சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி கூடப் படலண்ணே" என்றார். நம்பினேன். அடிமூடியைக் கழற்றப் போனால் மூன்று திருகுகள் துருவேறி, தலை தேய்ந்து சும்மா சுற்றின. உள்ளே ஃபேன் இறக்கையில் தூசி பஞ்சாக இல்லை. விரலால் வழித்தெடுக்கும் பசையாக இருந்தது. சார்ஜர் செருகும் இடத்தை ஒட்டி, மதர்போர்டில் கடுகளவு பச்சை. செம்புக் குடத்தைத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே களிம்பு, அதேதான். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

எங்கே வைத்துப் படிப்பீர்கள் என்று கேட்டேன். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேஜை போட்டிருக்கிறாராம். அங்கேதான் காற்று நன்றாக வருமாம்.

தண்ணீர் சிந்தாதே, கீழே போடாதே என்று எல்லோரும் சொல்லும் அறிவுரைகள் சரியானவைதான். ஆனால் அவை உள்நாட்டு ஊர்களுக்குப் போதும். தொண்டி, தேவிப்பட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று இருக்கும் நமக்குப் போதாது. இங்கே லேப்டாப்பைக் கெடுப்பது பெரும்பாலும் காற்று.

அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறுகின்றன. துளி காய்ந்து, உப்பு மட்டும் மிதந்து வருகிறது. லேப்டாப் சூடானால் அதன் ஃபேன் அறைக் காற்றை இழுக்கும், உப்பும் கூடவே உள்ளே போகும். உப்பு தனியாக இருந்தால் பெரிய கெடுதி இல்லை. ஈரம் தனியாக வந்துபோனாலும் தாங்கும். இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், நீர் கோர்த்திருக்கும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீராகக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். அதனால் நம் ஊரில் போர்டின் மேல் படிந்த உப்பு முழுக்கக் காய்வதே அபூர்வம். அந்த ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், போர்டில் மின்சாரம் ஓடும் அடுத்தடுத்த செம்புக் கோடுகளை அரிக்கும். அணைத்து வைத்தாலும் பேட்டரியிலிருந்து போர்டின் சில இடங்களுக்கு மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும், ஆகவே அரிப்பு இரவிலும் நடக்கும்.

பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. 2025இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப்பூச்சும் தேவைப்பட்டன. அவ்வளவு பெரிய இரும்பையே அரிக்கும் காற்றுக்கு, தலைமுடி அளவு செம்புக் கோடு எந்த மூலைக்கு?

ஜன்னலோரம் வைப்பது

முதல் தவறு இதுதான். மேஜையை உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போடுங்கள். ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் காற்றைப் பார்த்து ஜன்னலை மாற்றலாம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் தெற்கே இருக்கும் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பொங்கும், அப்போது தெற்கு ஜன்னலைச் சாத்துங்கள். வாடைக் காற்று திரும்பிவிட்டால் பெண்கடல் (பாக் நீரிணை) பக்கம், அதாவது வடக்கு ஜன்னலைச் சாத்துங்கள். கரையிலிருந்து தள்ளிப்போகப் போக உப்பு வேகமாகக் குறையும். ஆகவே கடலோர வீட்டில் இரண்டு அறை பின்னால் போவதுகூட வீண்போகாது. தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து வீடியோ எடிட் செய்யும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். வீடியோவை எடுத்துக்கொண்டு வாருங்கள், எடிட் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உப்போடு மணலும் சேர்ந்தால் கீபோர்டு பட்டன் ஒவ்வொன்றாக நறநறக்கத் தொடங்கிவிடும்.

பயந்துபோய்ப் பூட்டி வைப்பது

உப்புக் காற்று என்றதும் சிலர் நேர் எதிராகச் செய்கிறார்கள். பாலித்தீன் கவரில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கவருக்குள் அடைபட்ட ஈரம் அங்கேயே இருந்து வேலையைக் காட்டும். லேப்டாப்புக்கு நல்லது, வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடுவது. அதன் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும். தினமும் பயன்படுத்தும் லேப்டாப்பைவிட, "புதுசா அப்படியே வச்சிருக்கோம்" என்று வரும் லேப்டாப்பில்தான் நான் அதிகத் துருவைப் பார்த்திருக்கிறேன்.

கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போகிறவர்கள் அதிகம். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் ஒரு பாய், பேட்டரி சுத்தமாகத் தீர்ந்த நிலையில் லேப்டாப்பை பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினொரு மாதம் கழித்து வந்து சார்ஜ் போட்டால் ஏறவே இல்லை. லித்தியம் பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதற்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டே சார்ஜ் ஏற விடாது. விட்டால் ஆபத்து என்பதால்தான் அப்படி. முழுவதும் நிரப்பி வைத்துவிட்டுப் போவதும் தவறு, பேட்டரி சீக்கிரம் மூப்படையும். பாதி அளவு சார்ஜில் அணைத்து, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சிலிகா ஜெல்லைத் திறந்த பையில் போட்டுப் பயனில்லை, ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்து இரண்டு மூன்று நாளில் அது நிறைந்துவிடும். முடிந்தால் வீட்டில் இருக்கும் தம்பி தங்கையிடம், மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏசியிலிருந்து வந்ததும் திறப்பது

மதுரையிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்து இறங்குகிறோம், வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வெளியே வேர்க்கும் அல்லவா, அதேபோல் லேப்டாப்பும் உள்ளே வேர்க்கும். வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் நீர் கோர்க்கும். ஏற்கெனவே உப்புப் படிந்த போர்டு என்றால் கேட்கவே வேண்டாம். பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கை கால் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து திறக்கலாம்.

துடைப்பதில் நடக்கும் தவறுகள்

நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால், உப்பை எடுக்கிறோம் என்று நினைத்து உப்பைப் பூசுகிறோம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் வாங்குவீர்களே, அது போதும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுங்கள்; நேரே துணியைப் போட்டால் மணல் தேய்த்து ஸ்கிரீனில் கீறல் விழும். அப்புறம் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, துணியைப் பிழிந்தால் சொட்டு வராத அளவு மட்டும் நனைத்துத் துடையுங்கள். தண்ணீரை லேப்டாப்பின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. ஸ்கிரீனில் வீட்டுத் தரை துடைக்கும் லிக்விட் எதுவும் வேண்டாம்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் மூடியின் மேல் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் வைக்கிறவன்தான். கீபோர்டிலும் காற்றுத் துளையிலும் வேண்டாம்.

பஞ்சர் கடைக் காற்றால் ஃபேனை ஊதுவதை எத்தனையோ பேர் செய்கிறார்கள். அந்த கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும். அதன் வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும். கடற்கரையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. சர்வீஸில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போர்டில் பச்சை இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துத் தரச் சொல்லுங்கள். தூசியை மட்டும் ஊதிக் கொடுத்தால் உப்பு அப்படியே இருக்கும்.

சூடு, கரண்ட், மற்றவை

பல நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பை 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கின்றன. சித்திரை, வைகாசியில் தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அதை எளிதில் தாண்டும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடித்துளை அடைபட்டு இன்னும் மோசமாகும். ஒரு மரப்பலகை போதும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ பைக் பெட்டிக்குள்ளோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். எப்போதும் சார்ஜரிலேயே வேலை செய்பவர்கள், லேப்டாப்பின் அமைப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே நிறுத்துங்கள். அழுத்திப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும்.

மூன்று முள் சார்ஜரின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகாதீர்கள். உவர் மண்ணில் எர்த் கம்பியும் அரிக்கும், அதையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அவ்வப்போது பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி தொடங்கியதும் சார்ஜரைக் கழற்றுங்கள், இணையக் கேபிளையும் சேர்த்து. வேறு சார்ஜர் வாங்கினால் பழையதின் வோல்ட் அளவு அப்படியே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்தால் ஹின்ஜ் (கீல்) உடையும், நடுவில் பிடியுங்கள். மூடும் முன் கீபோர்டில் பேனாவோ இயர்போனோ கிடக்கிறதா என்று ஒரு பார்வை.

படங்கள், புராஜெக்ட், பட்டா நகல், வீட்டுக் கணக்கு எல்லாம் ஒரே லேப்டாப்பில் இருப்பதும் தவறு. ஒரு பிரதியை இணையச் சேமிப்பில் வையுங்கள், இன்னொன்றை வெளி டிஸ்க்கில் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்தால், பை நனையும் அன்று இரண்டும் நனையும். போர்டோடு ஒட்டிய ஸ்டோரேஜ் வரும் புது லேப்டாப்களில், போர்டு போனால் தகவலை மீட்பது மிகக் கடினம். அம்மாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருக்கின்றன என்று ஒருவர் என் கடையில் நின்று அழுதிருக்கிறார். அன்று என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

கடல் தண்ணீரே பட்டுவிட்டால்

வள்ளத்தில் போகும்போதோ, பையோடு விழுந்தோ கடல் தண்ணீர் உள்ளே போய்விட்டால், முதல் தவறு ஆன் செய்து பார்ப்பது. இரண்டாவது, சார்ஜரைச் செருகிப் பார்ப்பது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரைப்போல அது காய்ந்துவிட்டால் சரியாகிவிடாது. காய்ந்த இடத்தில் உப்பு நிற்கும், அடுத்த ஈரத்தில் மறுபடி வேலையைத் தொடங்கும். ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகை என்றால் எடுத்துவிடுங்கள். திறந்து, கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள்.

அரிசி மூட்டையில் புதைக்காதீர்கள். அரிசி உள்ளே இருக்கும் நீரை இழுப்பதில்லை, அதன் மாவும் துகளும் துளைகளில் போய் அடைக்கும். தன் ஐபோனை அரிசிப் பையில் போட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. வெயிலிலும் வைக்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். நனைந்த பேட்டரி சூடானாலோ, புகை அல்லது வாடை வந்தாலோ, வெட்டவெளிக்குக் கொண்டுபோய் தள்ளி வையுங்கள்.

அப்புறம் தாமதிக்காமல், முடிந்தால் அன்றே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். "ரெண்டு நாள் காயட்டும்னு விட்டேண்ணே" என்று வருபவர்களின் போர்டில் அந்த இரண்டு நாளில்தான் பாதி கோடு போயிருக்கும். கொடுக்கும்போது என்ன பட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள், முக்கியமாகப் பிள்ளைகள். கடல் தண்ணீர் என்றால் பேட்டரியைப் பிரித்துவிட்டு, முழுப் போர்டையும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பிறகு ஆல்கஹாலில் கழுவ வேண்டும். டீ என்றால் பாலும் சர்க்கரையும் ஒட்டியிருக்கும் கீபோர்டுப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். குழாய்த் தண்ணீர் என்றால் வேலை இன்னும் குறைவு. எதை முதலில் திறப்பது என்பது நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.