தலைவாழை இலை போடும் மேசைக்குப் பண்டிகை அலங்காரம்

முழங்கால் வலியுள்ள பெரியவர்களைக் கருதியோ இடவசதியைக் கருதியோ, பல வீடுகளில் பண்டிகை விருந்து தரையிலிருந்து உணவு மேசைக்கு ஏறிவிட்டது. ஆனால் மேசையை அலங்கரிக்க யோசனை தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்பவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. தலைவாழை இலை போட்டு, ஒருவர் பரிமாற, கையால் பிசைந்து உண்ணும் விருந்தில் அவற்றை அப்படியே பின்பற்றினால் சாம்பார்க் கரண்டி பூச்சாடியில் இடிக்கும். நம் மேசையில் இலைதான் முதன்மையான அலங்காரம். மற்றவை எல்லாம் இலைக்குப் போக மிஞ்சிய இடத்தில் அடங்க வேண்டியவை.

அந்த இடம் எவ்வளவு என்பதை முந்தின நாளே அளந்துவிடுவது நல்லது. ஆறு பேருக்கான மேசை பொதுவாக 5 அடி நீளமும் 3 அடி அகலமும் இருக்கும். நீளவாட்டில் பக்கத்துக்கு இருவராக உட்கார்ந்தால் 2 அடி நீளமுள்ள நுனி இலைகள் ஒன்றையொன்று இடிக்காமல் அமரும். இரு முனைகளிலும் ஆளுக்கொருவரை உட்கார வைத்தாலோ மூலைகளில் இலைமேல் இலை ஏறிவிடும். ஆகவே தலைவாழை இலை போட்டால் ஆறு பேர் மேசை நான்கு பேர் மேசைதான். மற்றவர்களை அடுத்த பந்தியில் உட்கார வைக்கலாம். நெருக்கியடித்து ஒரே பந்தியில் முடிப்பதை விட அதுவே மேல். இலையின் அகலம் சுமார் 1 அடி என்பதால், எதிரெதிர் இலைகளுக்கு நடுவே ஏறக்குறைய 1 அடிப் பட்டை மிஞ்சும். அதிலும் தண்ணீர்த் தம்ளர்களுக்கு இடம் விட்டால் அலங்காரத்துக்குக் கிடைப்பது அரை அடியோ சற்றுக் கூடுதலோதான். காலியாக விட்ட இரு முனைகளில் ஒன்றையும் அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்றது பரிமாறுபவர் கைவைக்கும் இடமாக இருக்கட்டும்.

இலை மேசையில் படிந்து கிடப்பதற்குச் சிறிது வேலை செய்ய வேண்டும். அடிப்புறத்தில் தடித்திருக்கும் நடுநரம்பைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவிவிட்டால் இலை ஆடாது. கண்ணாடி மேசையிலும் பளபளப்பான மர மேசையிலும் ஈர இலை வழுக்கும் என்பதால் அடியில் ஒரு பருத்தித் துணி கட்டாயம் வேண்டும். தரையில் உட்கார்ந்து உண்ணும்போது இலையைத் தாண்டிய ரசம் தரையோடு போகும். மேசையிலோ அது நேரே மடியில் விழும். எனவே இலையின் விளிம்பு மேசை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலமாவது உள்ளே தள்ளியிருக்க வேண்டும். உண்பவரின் இடக்கைப் பக்கம் நுனி வர வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் எதிர்வரிசைக்கு இலை போடும்போது அவசரத்தில் திசை மாறிவிடுவது வழக்கம். அந்தந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று போட்டால் தவறாது. முதல் நாள் மாலையே வாங்கிய இலையைச் சுருட்டி ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்திருந்து, விருந்துக்கு அரைமணி நேரம் முன்னால் துடைத்துப் போட்டால் பசுமை குறையாது.

மேசை விரிப்புக்கு வெள்ளை வேட்டியை எடுப்பவர்கள் அதிகம். இலையின் பச்சை அதன்மேல் எடுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். முதல் கரண்டி சாம்பார் சிந்தும்வரை அந்த அழகு நிற்கும். செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டங்களாகக் கலந்த காரைக்குடிக் கண்டாங்கி, இந்த வேலைக்கென்றே நெய்தது போல இருக்கும். 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. புதிதாக வாங்க வேண்டியதில்லை. கிழிசல் விழுந்த பழைய கண்டாங்கி ஒன்றை நீளவாக்கில் மடித்து விரித்தாலே பச்சை இலைக்கு ஏற்ற பின்னணி கிடைத்துவிடும், கறையும் தெரியாது. பளபளக்கும் ஜரிகைத் துணியை மட்டும் தவிர்த்துவிடலாம், ஏனெனில் அது இலையோடு போட்டி போடும்.

நடுப்பட்டையில் என்ன வைப்பது? மலையாள நாட்டு வழக்கிலிருந்து நம் வீடுகளுக்கும் பரவியுள்ள வெண்கல உருளி இதற்கு மிகப் பொருத்தமானது. தாழ்வானது, எளிதில் கவிழாது. ஆனால் கடைகளில் அழகுக்கு விற்கும் பெரிய உருளி இந்த மேசைக்கு ஆகாது. 6 அங்குல விட்டமுள்ள சிறியது போதும். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்படி நீரூற்றி, காம்பை ஒட்ட நறுக்கிய சாமந்திகளையும் இடையிடையே வாடாமல்லியையும் மிதக்க விட வேண்டும். பித்தளைச் சொம்பில் மாவிலைக் கொத்தைச் செருகி வைப்பதும் அழகே. எதை வைத்தாலும் உயரம் ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பூக்களுக்கு நடுவே எட்டிப் பார்த்துப் பேசுவது விருந்தாகாது.

பூத் தேர்வில்தான் கவனம் அதிகம் வேண்டும். மல்லிகையும் சம்பங்கியும் வாசலுக்கும் கூந்தலுக்கும் பூசையறைக்கும் உரியவை. உண்ணும் இடத்தில் அவற்றின் மணம் நெய்யின் மணத்தையும் பாயசத்து ஏலக்காயின் மணத்தையும் மூடிவிடும். செண்டுமல்லியின் நெடியும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மணத்தை விட முக்கியமானது நஞ்சு. பூசைக்குத் தொடுத்த அரளி மாலையில் மிஞ்சியதை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது, ஏனெனில் அரளிச்செடியின் எல்லாப் பாகங்களும் நச்சுடையவை. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் எருக்கம்பூ மாலைக்கும் இது பொருந்தும். எருக்கின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. நம் மாநில மலரான செங்காந்தள் மழைக்காலத்தில் வேலியோரம் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் அதுவும் கிழங்கு முதல் விதை வரை நஞ்சுள்ள கொடி. கடைப்பூக்களில் மருந்து தெளித்திருக்கக் கூடும் என்பதால் எந்தப் பூவையும் நீரில் அலசியே வைக்க வேண்டும். இதழ்களை உதிர்த்து இலையைச் சுற்றித் தூவுவது படத்துக்கு நன்றாக இருக்கும், மின்விசிறி சுழன்றதும் அவை கூட்டில் வந்து விழும்.

கோலமின்றிப் பண்டிகை நிறைவதில்லை என்றால், மேசைமேல் மாவைத் தூவாமல் ஒரு மணைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்து நைசாக அரைத்த பச்சரிசி மாவைத் தண்ணீராகக் கரைத்து, சிறு துணித்துண்டில் நனைத்து, மோதிர விரல் வழியே ஒழுகவிட்டு இழைக்கோலம் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், காற்றுக்குப் பறக்காது. மேசையின் காலி முனையில் அந்தப் பலகையை வைத்து அதன்மேல் உருளியை அமர்த்தினால், நடுப்பட்டை முழுவதும் தம்ளர்களுக்கும் நெய்க்கிண்ணத்துக்கும் கிடைக்கும். இடம் குறைந்த வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த அமைப்பைத்தான்.

விளக்கை மேசையில் ஏற்ற வேண்டாம். பரிமாறுபவரின் முந்தானை குனியும்போதெல்லாம் மேசைமேல் வந்து போகும். ஏற்றிய குத்துவிளக்கு, நடமாட்டம் இல்லாத சுவரோரத்தில் முக்காலிமேல் இருப்பதே பாதுகாப்பு. இரவு விருந்தென்றால் மேசைக்கு மேலிருக்கும் வெள்ளை விளக்குக்குப் பதிலாக 2700 கெல்வின் மஞ்சள் ஒளி தரும் எல்இடி பல்பைப் போட்டுப் பாருங்கள். வெளிறித் தெரிந்த பருப்பும் பொரியலும் நிறம் பெற்றுவிடும்.

குழம்பு, ரசப் பாத்திரங்களுக்கு மேசையில் இடமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு மேசையைப் போட்டு, கரண்டியோடு எல்லாவற்றையும் அதில் அடுக்கிவிட்டால் அலங்காரம் கலையாது. அதோடு, சமைத்தவரும் எல்லோருடனும் உட்கார்ந்து உண்ணலாம். பண்டிகைதோறும் வீட்டுப் பெண்கள் கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றை உண்பதற்குக் காரணம் வழக்கம் மட்டுமன்று, இத்தகைய ஒரு பக்க மேசை இல்லாததும்தான்.

பண்டிகைக்கேற்ப மாற வேண்டியது நடுப்பொருள் மட்டுமே. பொங்கலுக்கு முழுக் கரும்பைச் சாய்த்து வைக்காமல், சாண் உயரத்துக்கு நறுக்கிய துண்டுகளை மஞ்சள் கொத்தோடு சொம்பில் நிறுத்தலாம். சித்திரை முதல் நாளில், காலையில் கனி கண்ட தட்டில் உள்ள மாம்பழமும் வாழைப்பழமும் அப்படியே நண்பகல் மேசைக்கு வந்துவிடும். நகையையும் காசையும் கண்ணாடியையும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான். கிறிஸ்துமஸ் விருந்தில் மெழுகுவர்த்தி இல்லாமல் முடியாது என்பவர்கள், நீருள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கும் வகையை, பரிமாறும் கை போகாத மூலையில் ஏற்றலாம். காயல்பட்டினத்தில் வழங்கும் சகன் சாப்பாட்டைப் போல ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் பெருநாள் விருந்தில் நடுவிடம் உணவுக்கே உரியது. அங்கே விரிப்பின் அழகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இலைகளை எடுத்ததும் விரிப்பை அன்றே அலசிவிடுங்கள். சோப்புக்குப் போகாத மஞ்சள் கறை, ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப்போட்டால் தானாகவே வெளுத்துவிடும்.