கோட்டின் திசையும் கோணமும்: கேட் (கணினி வரைபட) நிரலில் வாயு மூலையை அக்னி மூலை ஆக்காமல் இருக்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் லேஅவுட் வரைபடம் போடும் அலுவலகங்களில் ஆட்டோலிஸ்ப் (ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்கான நிரல்மொழி) தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஒவ்வொரு மனையின் அளவையும் கையால் எழுதும் வேலை மிச்சமாகும். ஆனால் நிரல் எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கோணத்தில்தான். ஆட்டோகேடில் கோடு போடத் தெரியும், நிரல் இப்போதுதான் பழகுகிறேன் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு பைத்தான் நிரல்மொழிக்கும் இதேதான். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: தொடக்கம் எது, முடிவு எது?

திரையில் கோட்டுக்குத் தலையும் வாலும் தெரியாது, கோப்பில் உண்டு. கோட்டின் விவரங்களை எடுத்துத் தரும் 'என்ட்கெட்' கட்டளையின் பட்டியலில் 10 என்ற எண்ணோடு இருப்பது தொடக்கப் புள்ளி, 11 என்ற எண்ணோடு இருப்பது முடிவுப் புள்ளி. அதே கோட்டை மறுமுனையிலிருந்து வரைந்திருந்தால் திசை 180 டிகிரி மாறும். எனவே எல்லைக் கோடுகளை இடஞ்சுழியாகவே வரைவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாதித் தலைவலி குறையும்.

படி 2: கழித்தல்

ஒரு மனையின் எல்லைக்கோடு (100, 200) என்ற புள்ளியில் தொடங்கி (60, 230) என்ற புள்ளியில் முடிகிறது, அளவு அடியில். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்க வேண்டும்.

கிழக்கு வேறுபாடு = 60 − 100 = −40
வடக்கு வேறுபாடு = 230 − 200 = 30

நீளம் 50 அடி. கோடு மேற்கேயும் போகிறது, வடக்கேயும் போகிறது. அதாவது வாயு மூலைப் பக்கம்.

படி 3: வகுக்காதீர்கள்

பள்ளியில் படித்தபடி 30-ஐ −40-ஆல் வகுத்து அதன் எதிர் டேன் மதிப்பைக் கேட்டால் −36.87 டிகிரி வரும். கிழக்கிலிருந்து வலஞ்சுழியாக 36.87 என்பது தென்கிழக்கு, சுத்தமான அக்னி மூலை. ஈசானி மூலை எங்கே, கன்னி மூலை எங்கே என்று கேட்காமல் அஸ்திவாரம் தோண்டாத ஊரில் இந்த வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டிப் பாருங்கள்!

தவறு எங்கே நடந்தது? 30-ஐ −40-ஆல் வகுத்தாலும், −30-ஐ 40-ஆல் வகுத்தாலும் விடை −0.75 தான். எந்த எண்ணுக்குக் கழித்தல் குறி இருந்தது என்ற செய்தி வகுத்தவுடன் அழிந்துவிடுகிறது. நேர் வடக்காகப் போகும் கோட்டில் இன்னும் மோசம். பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும்.

ஆகவே இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுங்கள். ஆட்டோலிஸ்ப்பில் 'ஏடேன்' (ஏ, டி, ஏ, என்) கட்டளைக்கு முதலில் வடக்கு வேறுபாடு, அடுத்து கிழக்கு வேறுபாடு. பைத்தானில் 'ஏடேன்2', அதே வரிசை. விடை 143.13 டிகிரி; இதுதான் சரி. ஆட்டோலிஸ்ப்பில் இரண்டு புள்ளிகளையும் அப்படியே 'ஆங்கிள்' கட்டளையிடம் கொடுத்தால் கழித்தலையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி) புள்ளிகளை எக்செல் தாளில் வைத்துக் கணக்கிடுபவர்கள் கவனிக்க: எக்செலின் 'ஏடேன்2' கிழக்கு வேறுபாட்டைத்தான் முதலில் கேட்கும். வரிசையை மாற்றினால் −53.13 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

படி 4: ரேடியன்

இந்தக் கட்டளைகள் எல்லாமே டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற கோண அலகில் பேசும். நம் கோட்டுக்கு 2.4981 என்று காட்டும். 180-ஆல் பெருக்கி பை (3.1416) என்ற எண்ணால் வகுத்தால் டிகிரி. நிரலுக்குள் கடைசிவரை ரேடியனாகவே வைத்திருந்து, எழுதிக் காட்டும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

படி 5: சர்வேயர் கேட்கும் திசை

கேட் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுகிறது; சர்வேயர் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுகிறார். 90-இலிருந்து கோணத்தைக் கழியுங்கள். கழித்தல் குறி வந்தால் 360 கூட்டுங்கள். 90 − 143.13 = −53.13, கூட்டினால் 306.87. யூனிட்ஸ் பெட்டியில் வடக்கை ஆரம்பமாக வைத்தாலும் 'ஆங்கிள்' தரும் எண் மாறாது.

படி 6: மூலையில் எவ்வளவு திரும்புகிறோம்?

அடுத்த கோட்டின் திசையிலிருந்து இந்தக் கோட்டின் திசையைக் கழித்தால் திருப்பம். இந்தக் கோடு 350, அடுத்தது 10 என்றால் விடை −340. உண்மையில் திரும்பியது 20 டிகிரிதான். விடை −180-க்குக் கீழே போனால் 360 கூட்டுங்கள், 180-க்கு மேலே போனால் 360 கழியுங்கள். இதற்கு வகுத்தபின் வரும் மீதியைத் தரும் 'ரெம்' கட்டளையை நம்ப வேண்டாம். ஆட்டோலிஸ்ப்பில் அது கழித்தல் குறியை அப்படியே விட்டுவிடும். பைத்தானின் மீதிக்குறி (%) நேர் எண்ணாக மாற்றித் தரும்.

180-இலிருந்து திருப்பத்தைக் கழித்தால் மனையின் உள்கோணம். இடஞ்சுழியாக ஒரு சுற்று வந்தபின் எல்லாத் திருப்பங்களையும் கூட்டுங்கள். 360 வராவிட்டால் ஏதோ ஒரு கோடு தலைகீழாக இருக்கிறது.

படி 7: உள்ளே தள்ளி ஒரு கோடு

எல்லையிலிருந்து 5 அடி இடைவெளி விட்டுக் கட்டடக் கோடு போட வேண்டும். இடஞ்சுழி எல்லையில் உட்பக்கம் எப்போதும் இடக்கைப் பக்கம். திசையோடு 90 கூட்டினால் 233.13. 'போலார்' கட்டளைக்குப் புள்ளி, திசை (ரேடியனில்), தூரம் மூன்றையும் கொடுத்தால் (100, 200) என்பது (97, 196) ஆகும். (60, 230) என்பது (57, 226) ஆகும். இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

படி 8: அளவு எழுத்து தலைகீழாக விழாமல்

கோட்டின் ஓரமாக "50 அடி" என்று எழுதும்போது 143.13 கோணத்தையே எழுத்துக்கும் கொடுத்தால் தாளைத் திருப்பிப் பிடித்துத்தான் படிக்க முடியும். கோணம் 90-ஐத் தாண்டி 270 வரை இருந்தால் 180 கூட்டுங்கள், இங்கே 323.13. நேர்குத்துக் கோடுகளில் மட்டும் ஒரு வம்பு உண்டு: தசமப் பிழையால் ஒன்று 90 என்றும் பக்கத்துக் கோடு 90.0000001 என்றும் வந்து, எழுத்துகள் எதிரெதிராக நிற்கும். 90-க்குப் பதில் 90.01, 270-க்குப் பதில் 270.01 என்று எல்லை வைத்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்.