வயிறு தெரிகிறதே என்று தயங்குகிறவர்களுக்கு: அளவெடுப்பது முதல் செட்டுமுண்டு கட்டுவது வரை

ஓணம் நெருங்கினால் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை ஜவுளிக்கடைகளில் கசவுச் சேலைக்கு, அதாவது சரிகைக் கரை போட்ட க்ரீம் நிறச் சேலைக்கு, கூட்டம் கூடிவிடும். அந்த நாட்களில் தையல்கடைகளில் ஓயாமல் கேட்கிற பேச்சு, "வயிறு தெரியாத மாதிரி கொஞ்சம் லூசா தச்சுக் குடுங்க" என்பது. தையல்காரரும் சுற்றிலும் 2 இன்ச் கூட்டிவிடுவார். போட்டுப் பார்த்தால் ஷோல்டர் இறங்கியிருக்கும், கை தொளதொளவென்று தொங்கும், ஆள் முன்னைவிடப் பெருத்துத் தெரிவார்.

லூஸ் மட்டும் இதற்கு மருந்தாகாது. துணி உடம்பில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தோளிலோ, மார்புக்குக் கீழோ, தொப்புளுக்குச் சற்று மேலோ பொருத்தமாக நின்று வயிற்றைத் தொட்டும் தொடாமலும் இறங்கினால், பார்க்கிறவர் கண் வயிற்றில் நிற்காது. வயிற்றிலேயே மாட்டிக்கொண்டால் எந்த நிறமும் எந்த டிசைனும் காப்பாற்றாது. கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. பிரசவம், ஆபரேஷன், தைராய்டு, வயது என்று வயிறு வைக்க ஆயிரம் காரணம் உண்டு. அதற்காக நல்ல நாளில் பழைய நைட்டிக்குள் ஒதுங்க வேண்டியதில்லை.

முதலில் டேப்பை எடுங்கள்

மூச்சை இழுத்துப் பிடிக்காமல், சாதாரணமாக நின்று ஐந்து அளவு எடுங்கள்: மார்புச் சுற்று, மார்புக்கு நேர் கீழே, இடுப்பு, வயிறு மிகவும் முன்னே வரும் இடம், சீட் (பின்பக்கம் மிகவும் அகலமான இடத்தின் சுற்று). வயிற்றின் உச்சம் பலருக்குத் தொப்புளுக்கு ஓரிரு இன்ச் கீழேதான் இருக்கும். இடுப்பை மட்டும் அளந்து தைக்கக் கொடுப்பதால்தான் அந்த இடத்தில் துணி பிடிக்கிறது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றை மறுபடி அளக்கவும். நின்றபோது 40 இருந்தது 42, 43 ஆகும். பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் நாம் உட்கார்ந்துதான் இருக்கிறோம், ஆகவே கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த அளவைத்தான். தோள் உச்சியிலிருந்து வயிற்றின் உச்சம் வரை எத்தனை இன்ச் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். டாப்பின் இரண்டு பக்கமும் விடும் பிளவான சைடு ஓபனுக்கு அது தேவைப்படும்.

துணியைக் கையில் தூக்கிப் பாருங்கள்

கடையில் துணியின் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நேராக விழுந்தால் நல்லது. கூடாரம் போல விறைத்து நின்றால் வயிற்றின் மேலும் அப்படித்தான் நிற்கும். ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட கோரா காட்டன் எல்லாம் இந்த வகை. மெல்லிய லைக்ரா, பனியன் துணி இதற்கு நேர் எதிர். ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு மடிப்பையும் காட்டும். ரேயான், மோடல், பலமுறை துவைத்து மென்மையான காட்டன், சற்றுக் கனமான ஜார்ஜெட், கிரேப் ஆகியவை நடுவில் நிற்பவை. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, புழுக்கமும் வேர்வையும் அதிகம். அதனால் தினசரிக்கு ரேயானும் காட்டனும் போதும், ஜார்ஜெட்டை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒன்றே ஒன்று: பளபளப்பு வயிற்றின் வளைவில் வெளிச்சத்தைப் பிடிக்கும், மங்கலான பரப்பு பிடிக்காது. கறுப்பு சாட்டினைவிட மங்கலான பச்சைக் காட்டன் நன்றாக இருப்பது இதனால்தான். நெடுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்பதும் துணி தளர்வாக இருந்தால் மட்டுமே உண்மை. இறுகிப்போனால் கோடுகள் வயிற்றின் மேல் வளைந்து, மறைக்க நினைத்ததை வரைந்து காட்டிவிடும்.

சுடிதார் டாப்

ரெடிமேடாக வாங்கினால் முதலில் ஷோல்டரைப் பாருங்கள். தையல் தோள் எலும்பின் விளிம்பில் நிற்க வேண்டும். வயிறு பிடிக்கிறது என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் விழும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. ஷோல்டர் சரியாக உள்ள சைஸில், சைடு தையலுக்குள் துணி விட்டிருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். பக்கத்துக்கு 1 இன்ச் இருந்தால் பிரித்துத் தைத்து வயிற்றுக்கு மட்டும் இடம் கூட்டிக்கொள்ளலாம்.

தைக்கக் கொடுப்பவர்கள் இப்படிச் சொல்லுங்கள். உடம்பின் மார்பு அளவு 38 என்றால் டாப் 41. வயிறு உட்கார்ந்து 42 என்றால் டாப்பில் அந்த இடம் 44. சீட் 42 என்றால் 46. அதாவது மார்பில் பொருந்தி, கீழே போகப் போக விரியும் ஏ லைன். முன்பக்க இடுப்பில் டாட், அதாவது துணியைக் கூராக மடித்துப் பிடிக்கும் தையல், வேண்டாம். டாட் முடியும் இடத்தில் துணி குமிழ்ந்து வயிற்றின் மேலேயே உட்காரும். வடிவம் வேண்டுமென்றால் பிரின்சஸ் கட் கேளுங்கள், அந்தத் தையல் தோளிலோ கைக்குழியிலோ தொடங்கி நேராகக் கீழே ஓடும்.

பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் சைடு ஓபன். ஓபன் வயிற்றின் உச்சத்துக்கு நேராகத் தொடங்கினால், இரண்டு பக்கமும் பிளந்து முன் துணி வயிற்றின் மேல் தூக்கி நிற்கும். தோளிலிருந்து வயிற்றின் உச்சம் வரை அளந்தீர்களே, அதோடு 3 அல்லது 4 இன்ச் கூட்டி அங்கே ஓபனைத் தொடங்கச் சொல்லுங்கள். அளவு 19 என்றால் ஓபன் 22 அல்லது 23-ல். இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: முன்பக்க நீளம் 1 இன்ச் கூடுதலாக இருக்கட்டும். வயிற்றின் மேல் ஏறி இறங்குவதில் துணியின் நீளம் செலவாகிறது, அதனால்தான் பலருடைய டாப் முன்னால் மட்டும் குட்டையாகத் தெரிகிறது. டாப்பின் அடி ஓரம் சீட்டின் அகலமான இடத்தில் முடியக் கூடாது. தொடையின் பாதியைத் தாண்டட்டும். 42 முதல் 44 இன்ச் நீளம் பலருக்குச் சரியாக வரும்.

மேலே யோக் என்ற தனித்துண்டு வைத்து, மார்புக்குக் கீழே சுருக்கம் விடும் மாடல் வயிற்றுக்கு வசதிதான். ஆனால் சுருக்கம் நடுவில் குவிந்தால் மாசமாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். நடுவில் 4, 5 இன்ச் சமமாக விட்டு, சுருக்கத்தை இரண்டு பக்கமும் தள்ளச் சொல்லுங்கள்.

சேலைக்கு முன் இன்ஸ்கர்ட்

சேலையில் வயிறு தெரிவதற்குச் சேலையைவிட உள்பாவாடைதான் அதிகக் காரணம். கடையில் கிடைக்கும் நாடா வைத்த பாவாடையை இழுத்துக் கட்டும்போது சுருக்கம் எல்லாம் முன்னால் வந்து சேர்கிறது. அதன் மேல் முடிச்சு, அதன் மேல் சேலைக் கொசுவம். வயிறு 2 இன்ச் முன்னே வந்த மாதிரி ஆகிவிடுகிறது.

காட்டன் பாப்லினில் ஆறு பீஸ் பாவாடையாகத் தையுங்கள். 2.5 மீட்டர் துணி போதும். பட்டி 2 இன்ச் அகலம். முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் சமமாக இருக்க வேண்டும், வாய் இடது பக்கம் வர வேண்டும், கொக்கியோடு சிறு நாடா. அடிச்சுற்று 80 இன்ச்சுக்குக் குறைந்தால் பஸ் படியில் கால் எட்டி வைக்க முடியாது.

அகலப் பட்டியை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. மெல்லிய கயிறு போன்ற நாடாவைப் பல வருடம் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்துத் தடிக்கும், அரிக்கும், புண்ணாகும். ஆறாத புண் அபூர்வமாகத் தோல் புற்றுநோயாக மாறியதை வார்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். நாடா தடத்தில் ஆறாத புண் இருந்தால் துணியை மாற்றுவதோடு நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலைக்கென்று வரும் லைக்ரா ஷேப்வேர் வயிற்றின் தடிமனை ஓரளவு குறைக்கும். இரண்டு மூன்று மணி நேர விசேஷத்துக்குச் சரி. புழுக்கத்தில் நாள் முழுக்கப் போட்டால் வேர்க்குருவும் படையும் வரும். ஒரு சைஸ் சின்னதாக வாங்கினால் மேல் விளிம்பு சுருண்டு வயிற்றுக்கு மேலே புதிதாக ஒரு மடிப்பு உண்டாகும். சரியான சைஸையே வாங்குங்கள்.

சேலை கட்டும் முறை

செருப்பை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், நீளம் அதை வைத்துத்தான்.

1. பாவாடையைத் தொப்புளுக்கு ஒரு விரல் மேலே கட்டவும். வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் வயிறு பட்டியின் மேல் வழியும். பலர் செய்யும் முதல் தவறு இதுதான்.

2. வலப்பக்கம் செருகத் தொடங்கி ஒரு சுற்று வரவும். 4 இன்ச்சுக்கு ஒருமுறை துணியைச் சமமாகச் செருகிக்கொண்டே வந்தால் உள்ளே கட்டி கட்டியாகத் திரளாது.

3. கொசுவத்துக்கு முன் முந்தானையை முடித்துவிடுங்கள். மடிப்பு வைப்பதானால் மார்பின் மேல் வரும் முதல் மடிப்பு 5, 6 இன்ச் அகலம் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒல்லியாக மடித்தால் பக்கவாட்டு இடுப்பு முழுக்கத் திறந்துவிடும். பின்னை ஷோல்டர் தையலுக்கு 1 இன்ச் பின்னால் குத்துங்கள்.

4. முந்தானையின் கீழ் ஓரம் வலது இடுப்பிலிருந்து சாய்வாக மேலே ஏற வேண்டும். வயிற்றின் நடுவே ஓடும் அந்தச் சாய்வுக் கோடு வயிற்றின் வட்டத்தை உடைத்துவிடுகிறது. ஓரத்தை இறுக்கி இழுத்தால் வயிற்றின் குறுக்கே மடிப்பு விழும், அப்போது அரை இன்ச் தளர்த்துங்கள்.

5. மீதித் துணியில் 5 இன்ச் அகலத்தில் ஐந்தாறு கொசுவம். நடுவயிற்றில் செருகாமல் தொப்புளுக்கு ஒரு விரல் இடப்பக்கம் செருகவும். செருகும் முன் மேல் ஓரத்தைக் கையால் அழுத்தி நீவி, செருகியபின் 5 இன்ச் கீழே உள்பக்கமாக ஒரு பின் குத்தினால் கொசுவம் விரியாது.

பிளவுஸ் கீழ்ப்பட்டி இறுகினால் அதன் கீழே சதை பிதுங்கும். அந்த இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு விடச் சொல்லுங்கள். நீளம் 15, 16 இன்ச் இருந்தால் பக்கவாட்டில் சேலையோடு கிட்டத்தட்டச் சேர்ந்துவிடும். கழுத்திலோ கையிலோ கொஞ்சம் வேலைப்பாடு வையுங்கள், கண் அங்கே போகட்டும்.

செட்டுமுண்டும் கசவும்

செட்டுமுண்டு என்பது இரண்டு துணி: தலா சுமார் 2.8 மீட்டரில் இடுப்பில் கட்டும் முண்டு ஒன்று, மேலே உடுத்தும் நேரியது ஒன்று. நாகர்கோவில்–திருவனந்தபுரம் சாலையில் இருக்கும் பாலராமபுரத்தின் கைத்தறி இதற்குப் பேர்போனது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசு தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர்களை அங்கே குடியமர்த்தியதிலிருந்து வளர்ந்த தறி அது. பாவுக்குக் கஞ்சி போட்டு நெய்வதால் புதுத்துணி விறைப்பாக இருக்கும். ஓணத்தன்று காலையில்தான் மடிப்புப் பிரித்துக் கட்டுவேன் என்றால் வயிற்றின் மேல் அது நிமிர்ந்துதான் நிற்கும். ஒரு வாரம் முன்பே வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தோடு அயர்ன் செய்துவிடுங்கள். கசவின் மேல் ஒரு பருத்தித் துணியைப் போட்டு அயர்ன் செய்யவும். துணி பிறகு கீழ்நோக்கி விழத் தொடங்கும்.

கட்டும்போது முண்டின் நெடுக்குக் கரை வயிற்றின் நடுவே ஓடாமல் ஒரு பக்கமாக விழட்டும். நேரியதைத் தாவணி போல உடுத்துவதானால், செருகும் முனையை முன்னால் திணிக்காமல் வலது இடுப்புக்குப் பின்னால் 4 இன்ச் மட்டும் செருகவும். துணி மெல்லியது, ஆகவே உள்ளே க்ரீம் நிற இன்ஸ்கர்ட் மட்டுமே. கலர் பாவாடை போட்டால் பட்டி வயிற்றின் குறுக்கே கோடாகத் தெரியும்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சுடிதாரோடு போகிறவர்கள் அதன் மேல் முண்டு சுற்ற வேண்டியிருக்கும். பட்டியாலா பேண்ட்டும் நாடா முடிச்சும் டாப்பும் முண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வயிற்றில் சேரும். அன்றைக்கு லெகிங்ஸும் மெல்லிய டாப்பும் போட்டுப் போங்கள். சேலை கட்டிப் போவது இன்னும் நல்லது.

ஆண்களுக்கு

வயிறு அளவுக்கு எக்ஸ்எல் வாங்கித் தோளைத் தொங்கவிடுவது இங்கேயும் நடக்கிறது. துணி எடுத்துத் தைப்பதுதான் சிறந்தது. ஷோல்டர் உங்கள் அளவு, வயிற்றில் உட்கார்ந்த அளவோடு 4 இன்ச் கூடுதல். உட்காரும்போது பட்டன்களுக்கு நடுவே வாய் பிளந்தால் அந்தச் சட்டை வேண்டாம். வெளியே விடும் சட்டையின் அடி ஓரம் ஜிப்பின் பாதியைத் தாண்டினால் போதும், தொடை வரை இறங்க வேண்டாம்.

முண்டு டபுளாக எடுங்கள், 4 மீட்டர் துணியின் கனம் அதை நேராக விழவைக்கும். தொப்புள் மட்டத்தில் கட்டி ஒரே ஒருமுறை சுருட்டுங்கள். பெல்ட்டை இறுக்கினால் வயிறு பெல்ட்டுக்கு மேலும் கீழும் இரண்டாகப் பிரியும். சட்டை கழற்ற வேண்டிய கோயில்களில் முண்டு கட்டும் உயரம் ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது. அகலமான நேரியதைத் தோளிலிருந்து முன்னால் நேராகத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது

டிரையல் ரூமில் நேராக நின்று கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உட்காருங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள், கீழே விழுந்ததை எடுப்பது போலக் குனியுங்கள். மார்பின் குறுக்கே மடிப்பு விழுந்தால் மார்பு அளவு போதவில்லை, வயிற்றின் குறுக்கே விழுந்தால் வயிற்று அளவு போதவில்லை, பின்னால் இடுப்பில் துணி திரண்டால் சீட் பிடிக்கிறது. மொபைலைக் கூட வந்தவரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தைக்கக் கொடுப்பவர்கள் துணியை வெட்டும் முன்பே, எல்லாத் தையலுக்குள்ளும் 1 இன்ச் விட்டுத் தைக்கும்படி தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் அளவு கூடினாலும் குறைந்தாலும் அதே உடுப்பைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.