உப்புக் காற்றில் ஃபாக் லைட் ஒயரிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் மூடுபனி குறைவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே இரவில் கார் ஓட்டியவர்களிடம் ஃபாக் லைட் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. கிட் வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடலாம். பொதுவாகச் சொல்லித்தரும் ஒயரிங் முறைகளில் கடல் காற்றுக்குக் கணக்கே இருக்காது, சிக்கல் அங்கேதான். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பதே ஓயாத வேலையாக இருந்தது. அதே காற்றுதான் உங்கள் பம்பருக்குள்ளும் புகுகிறது.

முதல் தவறு, ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஹெட்லைட் ஒயரிலிருந்தே கரன்ட் எடுப்பது. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு போட்டால் 110 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 9 ஆம்பியர். அந்தச் சுமையைக் காரின் சுவிட்சும் மெல்லிய ஒயரும் தாங்காது. ரிலேயில் 30 என்ற முனைக்கு பேட்டரி பிளஸ், 87க்கு லைட், 86க்கு சுவிட்ச், 85க்கு எர்த் (கார் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு). ரிலேயை மாட்டும்போது அதன் கால்கள் கீழே பார்க்கட்டும், தண்ணீர் தங்காது.

ஃபியூஸை லைட்டுக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது ஒயரை, பல்பை அல்ல. வழியில் ஒயர் உரசி பாடியில் பட்டால், அதற்கு முன்னால் ஃபியூஸ் இல்லாத பகுதி தீப்பிடிக்கும். இந்த அளவு சுமைக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் சரி. ஃபியூஸ் போனால் 30 ஆம்பியர் போட்டுச் சமாளிக்கவே கூடாது, எங்கே ஷார்ட் என்று தேடுங்கள்.

இனி நம் ஊரில் எல்லாவற்றையும் கெடுக்கிற விஷயம்: ஜாயின்ட். ஒயரை முறுக்கி கறுப்பு டேப் சுற்றுகிறோம். பானட் சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும், உப்பு ஈரம் உள்ளே போகும், செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும். அந்த ஈரம் ஒயர் உறைக்குள்ளேயே ஊர்ந்து போவதால் ஜாயின்டை மட்டும் வெட்டி மாற்றினால் போதாது. கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் ஒயர்களை நுழைத்துக் கருவியால் நசுக்கி), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடாக்குங்கள். ஜாயின்ட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மலிவு கிட் ஒயரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், கடற்கரைக்கு ஆகவே ஆகாது. ஆனால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும் பார்க்க வெள்ளைதான். அது மேலேயே வெள்ளை, சுரண்டினால் செம்பு தெரியும். படகுகளுக்கென்று வருவது அதுதான், கிடைத்தால் விடாதீர்கள்.

எர்த்தும் இப்படித்தான். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு, லைட் மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்கிறோம். உப்புத்தாளால் தகரம் தெரியத் தேய்த்து, ரிங் டெர்மினலை இறுக்கி, அதற்கு மேல் கிரீஸ் தடவுங்கள். சந்தேகமிருந்தால் லைட்டை எரியவிட்டு, லைட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது.

55 வாட் ஹோல்டரில் 100 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும். அப்புறம், வெளிச்சத்தை மேலே தூக்கி வைக்காதீர்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசும், மழைத்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

புது மாடல் கார்களில் ஒயரை வெட்டுவதற்கு முன் பம்பருக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஃபாக் லைட் இல்லாத வேரியன்ட்டிலும் சில கம்பெனிகள் லைட்டைச் செருகும் கப்ளரை ஒயரோடு விட்டுவைத்திருக்கும். இருந்தால் எதையும் வெட்டாமலே வேலை முடியும், வாரண்டிக்கும் வம்பில்லை.